கருவிக்கு ஆரப்பாளையம் தெரியுமா?

கோயம்புத்தூரில் இரவு பதினோரு மணி வண்டியைப் பிடிக்கிறவர் மதுரை ஆரப்பாளையம் பேருந்து நிலையத்தில் இறங்கும்போது விடிந்திருக்காது. திருப்பூர், ஈரோடு, சேலம் வண்டிகளும் இங்கேதான் வந்து நிற்கின்றன. திண்டுக்கல், தேனிப் பக்கத்திலிருந்து மதுரைக்குள் நுழைகிறவர்களுக்கும் இதுதான் வாசல். காலையில் ஒரு முகூர்த்தம் இருக்கும், அல்லது மீனாட்சியம்மன் கோயில், அல்லது கண் மருத்துவமனையில் டோக்கன். அதற்குள் குளித்து, கொஞ்சம் கண்ணயர ஓர் அறை வேண்டும். இங்குள்ள லாட்ஜ்களின் பழைய வழக்கம் இந்த வண்டிகளின் நேரத்தைப் பார்த்தே உருவானது: 24 மணி நேர செக்-அவுட். அதிகாலை நாலரைக்கு வந்தால் மறுநாள் நாலரை வரை அறை உங்களுடையது.

அதே அறையைச் செயலியில் பதிவு செய்தால் பெரும்பாலும் பகல் பன்னிரண்டுக்குத்தான் செக்-இன். மறுநாள் பதினொன்றுக்குக் காலி செய்ய வேண்டும். நாலரைக்கு வந்தவர் ரிசப்ஷன் நாற்காலியில் பையை அணைத்துக்கொண்டு உட்கார வேண்டியதுதான். இல்லையென்றால் முந்தைய நாளுக்கும் சேர்த்துக் காசு கட்ட வேண்டும்.

இதற்குப் பின்னால் பேராசை இருக்கலாம், ஆனால் முதல் காரணம் தரவுத்தளம் கட்டப்பட்ட விதம். அறைப் பதிவு மென்பொருள்கள் ஒரு பெரிய கட்டம்போட்ட தாளாகவே உலகத்தைப் பார்க்கின்றன. ஒரு பக்கம் தேதி, மறுபக்கம் அறை வகை. ஒவ்வொரு கட்டமும் ஓர் ‘அறை-இரவு’. அதுதான் விற்கும் பொருள். அதிகாலை நாலரை முதல் மறுநாள் நாலரை வரை தங்குகிறவர் இரண்டு கட்டங்களில் கால் வைக்கிறார். ஒரே அறையைப் பத்து இணையதளங்களில் ஒரே நேரத்தில் விற்கும்போது, மணிக்கணக்கை எல்லாவற்றிலும் ஒத்துப்போகச் செய்வதைவிடத் தேதிக்கணக்கு சுலபம். விமானத்தில் வந்து இறங்கி, மாலையில் சாவி வாங்குகிற பயணியை மனத்தில் வைத்து எழுந்த கணக்கு அது. இரவுப் பேருந்தில் வருகிறவர் அந்தக் கணக்கில் இல்லை.

விலை வைப்பதற்கும் ஒரு கணக்கு உண்டு. அதன் வேர் 1972-இல் இருக்கிறது. பிரிட்டனின் பி.ஓ.ஏ.சி. விமான நிறுவனத்தில் பணியாற்றிய கென் லிட்டில்வுட் ஓர் எளிய விதியை எழுதினார். நம் ஊர் அறைக்கு அதைப் பொருத்திப் பார்ப்போம். கடைசியாக ஓர் அறை மிச்சம் இருக்கிறது. ஒருவர் 900 ரூபாய்க்குக் கேட்கிறார். காத்திருந்தால் 2,000 தரக்கூடியவர் வரலாம், வராமலும் போகலாம். அவர் வருவதற்கு 40 விழுக்காடு வாய்ப்பு என்றால் காத்திருப்பதன் மதிப்பு 800 ரூபாய். உடனே சாவியை எடுத்துக் கொடுத்துவிட வேண்டும். வாய்ப்பு 50 விழுக்காடு என்றால் மதிப்பு 1,000. 900 ரூபாய்க்காரரிடம் ‘ரூம் ஃபுல்’ என்று சொல்லலாம். இவ்வளவுதான் விதி. விமான டிக்கெட்டில் தொடங்கிய இந்த முறை 1980-களில் அமெரிக்காவில் பெரிய அளவில் வளர்ந்து, பின் ஓட்டல்களுக்கு வந்தது. நிமிடத்துக்கு நிமிடம் அறை வாடகை மாறுவதன் பின்னால் இருப்பது இதன் வளர்ந்த வடிவம். (மதுரையின் சிம்மக்கல், டவுன் ஹால் ரோடு லாட்ஜ் மேனேஜர்கள் வந்தவரின் பெட்டியையும் செருப்பையும் பார்த்து இந்தக் கணக்கை அரை நொடியில் போட்டுவிடுவார்கள் என்பது வேறு விஷயம்.)

சிக்கல் அந்த 40, 50 விழுக்காட்டில் இருக்கிறது. வாய்ப்பைக் கணிக்க இயந்திரம் கடந்த ஆண்டுகளைப் புரட்டுகிறது. மதுரையில் ஆண்டிலேயே அறை கிடைக்காத நாள் எது? கள்ளழகர் வைகையில் இறங்கும் நாள். அது சித்திரை மாதத்து முழுநிலவை ஒட்டி வருவது. 2023-இல் மே 5; 2024-இல் ஏப்ரல் 23; 2025-இல் மே 12. ‘போன வருடம் இதே தேதியில் எவ்வளவு கூட்டம்’ என்று மட்டும் கேட்கும் நிரல், 2025 ஏப்ரல் 23-க்கு விலையை ஏற்றிவைத்துவிட்டு மே 12-இல் ஏமாந்து நிற்கும். முகூர்த்த நாள்களும் இப்படித்தான். கல்யாண வீட்டார் இருபது அறையைப் போனில் சொல்லிவைப்பது செயலியின் கண்ணில் படுவதே இல்லை. இதற்கு மருந்து கடினமானதல்ல. பஞ்சாங்கத்தை ஒரு தரவு வரிசையாக நிரலுக்குள் ஊட்டினால் போதும். மேனேஜரின் தலைக்குமேல் தொங்கும் தினசரி காலண்டரில் இருக்கும் அறிவுதான் அது. ஆனால் யாராவது உட்கார்ந்து ஊட்ட வேண்டும். தனக்குத் தரப்பட்டதைத்தான் கருவி அறியும். ஊரை அதற்குச் சொல்லிக் கொடுக்க ஊர்க்காரர்தான் வர வேண்டும்.

ஊரின் தூசியை அறிந்து பிறந்த கருவியும் உண்டு. பேருந்து நிலையத்து டீக்கடையில் பாய்லர் ஆவியும் வடை எண்ணெயும் பட்டு மங்கிப்போன அட்டையில் உள்ள க்யூஆர் குறியைப் பாருங்கள். ஓரம் கொஞ்சம் கிழிந்திருந்தாலும் பணம் போய்ச் சேர்கிறது. 1994-இல் ஜப்பானின் டென்சோ நிறுவனக் குழுமத்தில் மசாஹிரோ ஹாராவும் அவருடைய குழுவினரும் கார் உதிரிப் பாகங்களை அடையாளம் காண உருவாக்கியது அது. தொழிற்சாலையில் எண்ணெய்க் கை படும், அழுக்கு ஏறும் என்பது அவர்களுக்குத் தெரியும். அதனால் ரீட், சாலமன் என்ற இரு கணிதவியலாளர்கள் 1960-இல் கண்ட பிழைதிருத்த முறையை உள்ளே வைத்தார்கள்.

அதன் அடிப்படை பள்ளிக்கூடக் கணிதம். ஒரு நேர்கோட்டை வரைய இரண்டு புள்ளி போதும். நான் அந்தக் கோட்டின்மேல் நான்கு புள்ளிகளை வைத்து அனுப்பினால், வழியில் எந்த இரண்டு அழிந்தாலும் மிச்சத்தை வைத்து நீங்கள் அதே கோட்டை இழுத்துவிடலாம். க்யூஆரில் நேர்கோட்டுக்குப் பதில் அதைவிடச் சிக்கலான பல்லுறுப்புக் கோவை, அவ்வளவே வேறுபாடு. உச்ச அளவில் குறியின் ஏறத்தாழ 30 விழுக்காடு சேதமானாலும் செய்தி மீளும். 2016-இல் யு.பி.ஐ. வந்தபோது டீக்கடைக்கு இது பொருந்திப்போனதில் வியப்பில்லை. பட்டறைக்கென்று செய்த பொருள் அல்லவா.

லாட்ஜை விட்டு வீட்டுக்கு வருவோம். வைகைக் கரைக்கும் ரயில் பாதைக்கும் நடுவே ஆரப்பாளையத்துத் தெருக்களில் ஒன்றரை, இரண்டு சென்ட் மனைகள்தான் அதிகம். பழைய ஓட்டு வீட்டை இடித்து, கீழே ஒரு போர்ஷன், மேலே ஒரு போர்ஷன் என்று கட்டுகிறார்கள். முன்பு மேஸ்திரி தரையில் சுண்ணாம்புப் பொடியால் கோடு போட்டுக் காட்டுவார். இப்போது இன்ஜினியர் வாட்ஸ்அப்பில் ‘3டி எலிவேஷன்’ அனுப்புகிறார். படத்தில் எப்போதும் நீல வானம். வாசலில் ஒரு வெள்ளைக் கார். பக்கத்து வீட்டுச் சுவர் மூன்றடியில் நிற்பது மட்டும் படத்தில் வராது.

அனுமதியும் திரைக்கு வந்துவிட்டது. 2024 ஜூலையில் தமிழக அரசு சுயசான்றிதழ் முறையைத் தொடங்கியது. 2,500 சதுர அடி வரையிலான மனையில், தரைத்தளமும் முதல் தளமுமாக 3,500 சதுர அடிக்குள் கட்டும் வீட்டுக்கு வரைபடத்தை இணையத்தில் ஏற்றிக் கட்டணம் கட்டினால் உடனே அனுமதி. அலுவலகத்துக்கு நடந்து தேய்ந்த செருப்புகளை நினைத்தால் இது பெரிய விடுதலை. அதே சமயம், வரைபடத்தைப் பார்த்து ‘இந்த ஜன்னல் ஏன் இங்கே?’ என்று கேட்க நடுவில் இருந்த ஒரு மனிதரும் போய்விட்டார். (அவர் அப்படிக் கேட்டாரா என்பது தனிக் கேள்வி.) இனி அந்தக் கேள்வியை வீட்டுக்காரர்தான் கேட்க வேண்டும்.

கேட்க ஒரு நல்ல காரணம் வானத்தில் இருக்கிறது. மதுரை நிலநடுக்கோட்டுக்கு வடக்கே பத்து டிகிரிக்குச் சற்றுக் குறைவான தொலைவில் இருக்கிறது. ஏப்ரல் நடுவிலும் ஆகஸ்ட் கடைசி வாரத்திலும் நண்பகல் சூரியன் நேர் உச்சியில் நிற்கும். அறிவியல் இயக்கத்தார் பள்ளிப் பிள்ளைகளைக் கூட்டிவைத்துக் காட்டும் ‘நிழலில்லா நாள்’ அதுதான். இடைப்பட்ட நான்கு மாதத்துக்குமேல் நண்பகல் சூரியன் நமக்கு வடக்கே இருக்கிறது. ஜூன் கடைசியில்கூட அது உச்சியிலிருந்து 13, 14 டிகிரிதான் சாய்கிறது. ஆக, இந்த மாதங்களில் வெயில் நம் வீட்டுத் தெற்குச் சுவரைத் தொடுவதே இல்லை. கொட்டுவதெல்லாம் மொட்டை மாடியில்; பிற்பகலில் மேற்குச் சுவரில்.

குளிர்நாடுகளில் எழுதப்பட்ட வடிவமைப்புப் பாடங்கள் தெற்கு ஜன்னலைப் பற்றியே பேசுகின்றன. அங்கே அதுதான் வெயிலின் வழி. அந்தப் பாடங்களிலிருந்து பிறந்த ‘மாடர்ன் எலிவேஷன்’ மாதிரிகள், சன்ஷேட் இல்லாத பெரிய கண்ணாடியும் தட்டையான கான்கிரீட் கூரையுமாக, மதுரையில் அப்படியே நகலாகின்றன. கான்கிரீட் பகலெல்லாம் குடித்த வெப்பத்தைச் சில மணி நேரம் தாமதித்து உள்ளே விடும். அதனால்தான் இரவு எட்டு மணிக்கும் மின்விசிறி அனல் காற்றை இறைக்கிறது. மத்திய அரசு 2018-இல் வெளியிட்ட ‘எகோ நிவாஸ் சம்ஹிதா’ என்னும் குடியிருப்பு ஆற்றல் விதித்தொகுப்பு, கூரையின் ஒரு சதுர மீட்டர் வழியாக ஒரு டிகிரி வெப்ப வேறுபாட்டுக்கு 1.2 வாட்டுக்குமேல் கடத்தக் கூடாது என்கிறது. வெறும் கான்கிரீட் கூரை அதைப்போல் இரண்டு மூன்று மடங்கு கடத்தும். நம் கொத்தனார்கள் போட்டுவந்த சுருக்கித் தளமும் தட்டோடும் அழகுக்காக வந்தவை அல்ல.

இவற்றையெல்லாம் இன்று ஒரு மடிக்கணினி அரை மணி நேரத்தில் கணக்கிட்டுத் தரும். இடத்தின் அகலாங்கு, மாதம், மணி மூன்றையும் கொடுத்தால் எந்த ஜன்னலில் எத்தனை மணிக்கு வெயில் விழும் என்று நிழலை ஓட்டிக் காட்டும் வசதி பல வரைகலை மென்பொருள்களில் இருக்கிறது. ‘எலிவேஷன் நல்லாருக்கு சார்’ என்பதோடு நிறுத்தாமல் ‘மே மாதம் நாலு மணிக்கு இந்தப் பெட்ரூம் எப்படி இருக்கும், அதை ஓட்டிக் காட்டுங்கள்’ என்று கேட்டால் போதும். கேட்கிறவர் குறைவு.

எலிவேஷனில் காணாமல்போன இன்னொன்று திண்ணை. பழைய வீட்டில் வழிப்போக்கர் தலைசாய்த்ததும் அங்கேதான், பிள்ளைகள் மணலில் எழுதிப் பழகியதும் அங்கேதான். பழமை கொண்டாடுகிறேன் என்று அதைப் பொற்காலமாக்கிவிட வேண்டாம். எந்தத் தெருத் திண்ணையில் யார் உட்காரலாம் என்பதைச் சாதி முடிவு செய்தது. லாட்ஜ் ரிசப்ஷனும் செயலியும் ஐ.டி. புரூஃபும் ஓ.டி.பி.யும்தான் கேட்கின்றன, அந்த அளவில் அவை திண்ணையைவிட மேல். ஆனாலும் திண்ணை தந்த ஒன்றுக்கு மாற்று வரவில்லை: நிழலில் உட்கார்ந்தபடியே குழந்தைக்குக் கிடைத்த வானத்து வெளிச்சம்.

இது உணர்ச்சிப் பேச்சல்ல, அளக்கக்கூடியது. டியூப்லைட் எரியும் அறையில் வெளிச்சம் 100 முதல் 300 லக்ஸ் வரை இருக்கும். வெட்டவெளி வெயிலில் ஒரு லட்சத்தைத் தொடும். வெளி நிழலிலேயே ஆயிரக்கணக்கில் இருக்கும். நம் கண் இந்த வேறுபாட்டைச் சமாளித்துக்கொள்வதால் நமக்கு அது தெரிவதில்லை. விழித்திரைக்குத் தெரிகிறது. பிரகாசமான ஒளி விழித்திரையில் டோபமைனைச் சுரக்கச் செய்கிறது. அது விழிக்கோளம் அளவுமீறி நீள்வதைத் தடுக்கிறது என்பதைக் கோழிக்குஞ்சுகளிலும் பிற விலங்குகளிலும் செய்த சோதனைகள் காட்டுகின்றன. விழிக்கோளம் நீண்டால் கிட்டப்பார்வை. சீனாவின் குவாங்சோ நகரில் முதல் வகுப்புப் பிள்ளைகளைப் பள்ளி நேரத்தில் தினமும் கூடுதலாக 40 நிமிடம் வெளியே விட்டார்கள். மூன்றாண்டு முடிவில் அவர்களில் 30.4 விழுக்காட்டினருக்குப் புதிதாகக் கிட்டப்பார்வை வந்திருந்தது. வெளியே விடாத பள்ளிகளில் 39.5. இந்த ஆய்வு 2015-இல் வெளியானது. கைபேசி கண்ணைக் கெடுக்கிறது என்று நாம் சொல்வதில் பாதி, கைபேசி குழந்தையை வீட்டுக்குள் பிடித்துவைக்கிறது என்பதுதான்.

கைபேசி எழுப்பும் இன்னொரு கேள்வி மொழியைப் பற்றியது. ‘பாட்டுப் போட்டாத்தான் சார் சாப்பிடுறான்’ என்று சொல்லாத வீடு இன்று அரிது. உலகத்துக் குழந்தைகளுக்கு ரைம்ஸ் ஊட்டும் பெரிய யூடியூப் சேனல்களில் ஒன்றான சூச்சூ டிவி, 2013-இல் சென்னையில் பிறந்தது. ஒரு வயதுக் குழந்தை அதைப் பார்த்து மொழி கற்குமா?

அமெரிக்காவின் சியாட்டிலில் பட்ரீசியா கூல் என்னும் ஆய்வாளரும் அவருடைய குழுவினரும் 2003-இல் வெளியிட்ட சோதனை இதற்கு நேரடியாகப் பதில் சொல்கிறது. ஆங்கிலம் மட்டுமே கேட்டு வளரும் ஒன்பது மாதக் குழந்தைகளுக்குச் சீன மொழி கேட்கும் வாய்ப்பு தரப்பட்டது. ஒரு குழுவுக்குச் சீனம் பேசும் ஒருவர் எதிரே உட்கார்ந்து பொம்மை காட்டி, கதை படித்துப் பேசினார். இன்னொரு குழு அதே ஆட்கள் அதே விஷயங்களைப் பேசும் வீடியோவைப் பார்த்தது. பன்னிரண்டு அமர்வுகளுக்குப்பின், நேரில் கேட்ட குழந்தைகள் சீன ஒலி வேறுபாட்டைத் தைவான் குழந்தைகளுக்கு ஈடாகப் பிரித்தறிந்தார்கள். வீடியோ பார்த்தவர்கள் சீனமே கேட்காதவர்களைப் போலவே இருந்தார்கள். குழந்தையின் காதில் விழுந்தது அதே ஒலிதான். ஆனால் திரையில் இருந்தவர் குழந்தை திரும்பியபோது திரும்பவில்லை, சிரித்தபோது சிரிக்கவில்லை.

அப்படியென்றால் திரையே கெடுதலா? 2014-இல் வெளியான ரோஸ்பெரி, ஹிர்ஷ்-பாசெக், கோலின்காஃப் மூவரின் ஆய்வு இந்த முடிச்சை அவிழ்த்தது. இரண்டு வயதைக் கடந்த குழந்தைகளுக்குப் புதிய வினைச்சொற்களைக் கற்பித்தார்கள்: நேரில், வீடியோ அழைப்பில், பதிவு செய்த வீடியோவில் என மூன்று வகையாக. நேரிலும் வீடியோ அழைப்பிலும் குழந்தைகள் கற்றார்கள். பதிவு செய்த வீடியோவில் கற்கவில்லை. ‘ம்’ என்றால் ‘ம்’ என்று மறுமொழி வருகிறதா என்பதே குழந்தைக்கு முக்கியம். கண்ணாடித் திரை நடுவில் இருப்பது அவ்வளவு முக்கியமில்லை.

துபாயிலிருந்தோ திருப்பூரிலிருந்தோ இரவு எட்டு மணிக்குக் கூப்பிட்டு, ‘தங்கம், இன்னைக்கு என்ன சாப்பிட்டீங்க?’ என்று கேட்டு, குழந்தை உளறுவதற்குப் பதில் சொல்லும் அப்பா, மூளையைப் பொறுத்தவரை யூடியூபோடு சேர்த்தியில்லை. அவர் ஆள், அது படம். இரண்டு வயதுக்குள் திரையே வேண்டாம், இரண்டு முதல் ஐந்து வரை நாளுக்கு ஒரு மணி நேரத்துக்கு மிகாமல் என்று இந்தியக் குழந்தை மருத்துவர்கள் கழகம் சொல்லும் வரம்பை அப்பாவின் அழைப்புக்குப் பொருத்திக் குற்றவுணர்வு கொள்ள வேண்டியதில்லை. ஊட்டும்போது ஓடும் பாட்டுக்குப் பொருத்துங்கள்.

வீட்டைவிட்டு வெளியே குழந்தை முதலில் போகும் இடம் அங்கன்வாடி. பால்வாடி என்றே இன்றும் வாயில் வருகிறது. தமிழ்நாட்டில் ஏறத்தாழ 54,000 மையங்கள். இங்கே நடந்திருக்கும் மாற்றத்தைப் புரிந்துகொள்ள, மேலூரைத் தாண்டித் திருச்சி சாலையில் உள்ள கொட்டாம்பட்டிக்குப் போக வேண்டும். 1980-இல் உலக வங்கி உதவியுடன் தொடங்கிய தமிழ்நாடு ஒருங்கிணைந்த ஊட்டச்சத்துத் திட்டம் முன்னோடியாகக் கால் வைத்தது மதுரை மாவட்டத்தின் அந்த ஒன்றியத்தில்தான். கணினி கிடையாது; ஒரு தராசு, ஓர் அட்டை. ஆறு மாதம் முதல் மூன்று வயது வரையிலான குழந்தைகளை மாதம் ஒருமுறை எடைபோட்டு, அட்டையில் புள்ளி வைத்துக் கோடு இழுப்பார்கள். அதில் இருந்த அறிவியல் நுட்பம், குழந்தை எவ்வளவு எடை என்பதைவிட எடை ஏறுகிறதா என்பதைப் பார்த்தது. கோடு படுத்துவிட்டால், குழந்தை பார்க்கக் கொழுகொழுவென்று இருந்தாலும், அன்றிலிருந்து கூடுதல் உணவு. வழக்கமாகத் தொண்ணூறு நாள். கோடு நிமிர்ந்தால் நிறுத்திவிடுவார்கள். இன்றைய மொழியில் அதுவும் தரவுவழி முடிவுதான். எடைபோடுகிறவர் அதே ஊர்ப் பெண். அட்டை தாயின் கண்ணெதிரே நிரம்பியது. எழுதப் படிக்கத் தெரியாதவருக்கும் கோடு சாய்வது புரியும். ‘மூணு நாள் வயித்தாலே போச்சு’ என்ற காரணம் அங்கேயே வெளிவரும்.

2021 மார்ச்சில் ‘போஷன் டிராக்கர்’ செயலி வந்தது. பதிவேடுகளின் பாரம் குறைந்தது. எந்த மையத்தில் எத்தனை குழந்தைகள் என்பது டெல்லியில் உடனுக்குடன் தெரிகிறது. உயரம், எடையைப் பதிவு செய்தால் உலக சுகாதார நிறுவன அளவுகோலோடு ஒப்பிட்டு உடனே நிலையைச் சொல்கிறது. பெரிய பேறு. 2025 ஜூலை முதல், வீட்டுக்குக் கொடுத்தனுப்பும் சத்துமாவுக்கு முக அடையாளமும் கட்டாயமானது.

முக அடையாளம் எப்படி வேலை செய்கிறது? நிரல் முகத்தை ஒரு நீண்ட எண் வரிசையாக மாற்றுகிறது. முன்பு பதிந்த வரிசைக்கும் இப்போது எடுத்த வரிசைக்கும் உள்ள ‘தூரத்தை’ அளக்கிறது. தூரம் ஒரு வரம்புக்குள் இருந்தால் அதே ஆள். மீறினால் வேறு ஆள். மங்கலான வெளிச்சம், விலை குறைந்த கேமரா, பல ஆண்டு பழைய ஆதார் படம் எல்லாமே தூரத்தைக் கூட்டும். வரம்பை இறுக்கினால் போலிகள் குறைவார்கள், உண்மையான தாய்மார் சிலர் திருப்பி அனுப்பப்படுவார்கள். தளர்த்தினால் தலைகீழ். இரண்டு பிழையையும் ஒருசேரப் பூஜ்யமாக்கும் வரம்பு கிடையாது. எந்தப் பிழை பரவாயில்லை என்பதை மனிதர்தான் முடிவு செய்ய வேண்டும். வங்கி லாக்கருக்கு இறுக்கமான வரம்பு சரி. இரண்டு கிலோ சத்துமாவுக்கு அதே இறுக்கம் தவறான முடிவு என்பேன், மறுக்கப்படுகிறவர் கர்ப்பிணி. முகம் பொருந்தாதபோது, அவரை ஐந்து ஆண்டுகளாக அறிந்த அங்கன்வாடி டீச்சரின் சொல்லே போதும் என்று அந்தச் செயலியில் ஒரு வழி இருக்க வேண்டும்.

கொட்டாம்பட்டி அட்டைக்கும் இந்தச் செயலிக்கும் நடுவே எனக்குப் படும் பெரிய வேறுபாடு தரவு போகும் திசை. அட்டை தாயைப் பார்த்து இருந்தது. செயலி மேலிடத்தைப் பார்த்து இருக்கிறது. டீச்சரின் நேரம் பதிவேற்றுவதிலும் ஓ.டி.பி. கேட்பதிலும் சிக்னலுக்குக் கையைத் தூக்கிப் பிடிப்பதிலும் போகிறது. தாய்க்குக் கிடைப்பது ‘எடை சரியா இருக்கும்மா, போங்க’ என்ற ஒரு வரி. இத்தனைக்கும் குழந்தையின் வளர்ச்சிக் கோட்டை வரைந்து காட்டும் வசதி அந்தச் செயலியிலேயே இருக்கிறது.

ஆகவே, உங்கள் வீட்டில் ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தை இருந்தால், அடுத்த மாதம் எடைபோடும் நாளில் அங்கன்வாடி டீச்சரின் போனை உங்கள் பக்கம் திருப்பிக் காட்டச் சொல்லுங்கள். போன மாதப் புள்ளி எங்கே, இந்த மாதப் புள்ளி எங்கே, கோடு ஏறுகிறதா என்று கேளுங்கள். படுத்திருந்தால், ஏன் என்று அங்கேயே நின்று பேசிவிட்டு வாருங்கள்.